இலையில் ஒரு கல் உப்பு

மஞ்சனூர் மடத்து மடைப்பள்ளியில் ஒரு கட்டளை உண்டு. சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. மடத்தை நிறுவிய குருவின் சமாதியில் படைத்த பிறகுதான் சமைத்தது எதுவும் மனித நாக்கில் படலாம். அதனால் அடுப்படியில் நிற்பவர் வாயை ஒரு காவித் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வார். படையல் முடிகிற வரை ருசியும் இல்லை, பேச்சும் இல்லை.

முந்நூறு பேருக்கு ருசி பார்க்காமல் சாம்பார் வைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டுகிற வேலை. மாசிலாமணித் தம்பிரான் அந்தக் கிணற்றை இருபத்தேழு வருஷமாகத் தினமும் தாண்டிக்கொண்டிருந்தார். ஒரு நாளும் கால் தவறியதில்லை.

தம்பிரான் என்றால் அந்த மடத்தில் துறவு வாங்கியவர் என்று அர்த்தம். அறுபத்து மூன்று வயது. வீட்டைத் துறந்தார், நிலத்தைத் துறந்தார், உடன்பிறந்தவர்களைத் துறந்தார். சாம்பாரை மட்டும் துறக்கவில்லை. ஊர்க்காரர்கள் ‘மடத்துச் சாம்பார்’ என்று சொல்லும்போதெல்லாம் அவர் மனதுக்குள் ‘என் சாம்பார்’ என்று திருத்திக்கொள்வார்.

மடத்துச் சாப்பாடு என்றைக்கும் ஒரே மாதிரிதான். சாதம், பூசணிக்காய்ச் சாம்பார், ஒரு பொரியல், ஊறுகாய். திருவிழா வந்தாலும் வடை பாயசம் கிடையாது. அதுவும் குருவின் கட்டளை.

இன்னொன்றும் கிடையாது. எந்த ஊர்ப் பந்தியிலும் இலை போட்டதும் ஓரத்தில் முதலில் விழுவது ஒரு சிட்டிகை உப்பு. மஞ்சனூர் மடத்து இலையில் உப்பு விழாது. அது குருவின் கட்டளை அல்ல, தம்பிரானின் கட்டளை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், “என் சமையலுக்கு இலையில உப்பு எதுக்கு? நம்பாதவன் வீட்டுலயே சாப்பிடட்டும்” என்று நிறுத்திவிட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

பந்தி முடிந்ததும் தம்பிரான் கை கழுவுகிற குழாயடிக்குப் போய் நின்றுகொள்வார். வருகிறவர்களிடம் ஒரே கேள்வி.

“நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு சாமி.”

அதைக் கேட்ட பிறகுதான் அவர் சாப்பிட உட்காருவார்.

மடத்தின் தலைவர் மெய்யப்ப தேசிகர் அவரைவிட இருபத்திரண்டு வயது சின்னவர். மடத்துக்கு வந்த புதிதில் ஆறு வருஷம் தம்பிரானிடம் பாத்திரம் தேய்த்தவர். “ஏ தம்பி, இந்த அண்டாவுல கரி போகலை பாரு” என்று தம்பிரானிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். இன்றைக்குத் தம்பிரான் காலையில் எழுந்ததும் அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்கிறார். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. என் அடுப்படியில் கரி தேய்த்த கை ஊருக்கே திருநீறு கொடுக்கிறது என்று அதிலும் ஒரு பெருமை.

அந்த வருஷக் குருபூசைக்கு அறுநூறு பேர் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து மிருதுளா என்று ஒரு பெண் வந்திருந்தாள். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுப் பத்திரிகையில் எழுதுகிறவள். வெளியார் மடைப்பள்ளிக்குள் போகக் கூடாது என்பதால் வாசல்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள்.

“ருசி பார்க்காம எப்படி சாமி உப்பு போடறீங்க?”

தம்பிரான் அப்போதுதான் அன்றைக்கு வேண்டிய கல்லுப்பை அளந்து, மரவை என்கிற மரக்கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அண்டாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழுந்ததும் நின்றார். மற்ற நாளாக இருந்தால் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். ஆனால் இருபத்தேழு வருஷமாக அவர் இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

மரவையை ஜன்னல் திட்டில் வைத்தார். வாய்த்துணியை அவிழ்த்தார். வாசல்படி வரை வந்தார்.

“சாம்பார் மூணு தரம் பொங்கி அடங்கும்மா. முதல் ரெண்டு தரம் சண்டைக்காரன் மாதிரி சத்தம் போடும். மூணாவது தரம் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்புல உப்பைப் போடணும். பன்னிரண்டு பிடி. ஒரே இடத்துல கொட்டக் கூடாது. இப்படி, சுத்தி வந்து தூவணும்.”

கையை வட்டமாக வீசி, ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரை தூவிக் காட்டினார். மிருதுளா அவ்வளவையும் எழுதிக்கொண்டாள்.

தம்பிரான் வாயைக் கட்டிக்கொண்டு திரும்பினார். உள்ளே கொதி அடங்கியிருந்தது. இறக்குங்கள் என்று ஆட்களுக்குச் சைகை காட்டினார்.

சமாதியில் படையல் முடிந்தது. வழக்கப்படி முதலில் ருசி பார்ப்பவர் தம்பிரான்தான். துணியை அவிழ்த்து உள்ளங்கையில் ஒரு கரண்டி சாம்பார் வாங்கி வாயில் விட்டுக்கொண்டார். கண்ணை மூடினார்.

“சரியா இருக்கு. பரிமாறுங்க” என்றார்.

பந்தியில் இரண்டு மூன்று பேர் முதல் கவளத்தில் தலையை நிமிர்த்தியதை அவர் பார்த்தார். பக்கத்து இலைக்காரரைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்கள். ருசியில் சொக்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

குழாயடியில் அன்றைக்குப் பாராட்டு மழை.

“தேவாமிர்தம் சாமி” என்றார் கோதண்டம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாகத் தினமும் வந்து சாப்பிட்டுத் தினமும் அதே வார்த்தையைச் சொல்பவர்.

மிருதுளாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “எத்தனையோ ஊர்ல சாப்பிட்டிருக்கேன் சாமி. இதுல உப்பு, புளி, காரம்னு எதுவும் தனியாத் தெரியவே இல்லை. எல்லாம் கரைஞ்சு ஒண்ணாயிடுச்சு.”

கடைசியாகத் தேசிகர் வந்தார்.

“நல்லா இருந்துச்சா சுவாமி?”

“திருப்தியாச் சாப்பிட்டேன்” என்றார் தேசிகர்.

தம்பிரான் அன்றைக்குச் சாப்பிட உட்காரவும் மறந்து, ஓர் அடி உயர்ந்துபோனவராகத் திரிந்தார். யார் எதிரே வந்தாலும் நிறுத்தி, சென்னைக்காரப் பெண் சொன்னதைச் சொன்னார். எல்லாம் கரைந்து ஒன்றாகிவிட்டதாம் என்று அவரே இரண்டு தரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு மடைப்பள்ளியைப் பூட்டப் போனார். ஜன்னல் திட்டில் மரவை இருந்தது. காலி மரவையைக் கழுவி வைக்கலாம் என்று தூக்கினார்.

கனத்தது.

உப்பு விளிம்பு வரை அப்படியே இருந்தது. வாசல்படியில் கையை வீசிக் காட்டியது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அண்டாவில் போட்டதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. சொன்னதையே செய்ததாக மனசு எழுதிக்கொண்டுவிட்டது.

அண்டாவின் அடியில் கொஞ்சம் சாம்பார் மிச்சம் இருந்தது. வழித்து நாக்கில் வைத்தார். சப்பென்று இருந்தது. வெந்த பருப்பு, புளித்தண்ணீர், அவ்வளவுதான்.

தம்பிரான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உப்பு போட மறந்தது கூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. உப்பில்லாத சாம்பாரைத் தேவாமிர்தம் என்றவர்கள்தானே இருபது வருஷமாகத் தேவாமிர்தம் என்று சொல்கிறார்கள்?

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு தேசிகரிடம் போனார். தேசிகர் கொன்றை மரத்தடியில் ஏதோ சுவடியைப் படித்துக்கொண்டிருந்தார்.

“சுவாமி, இந்தாங்க சாவி.”

“யாருக்கு?”

“யாருக்கு வேணும்னாலும் கொடுங்க. வெந்நீர் வெக்கத் தெரிஞ்சவன் போதும்.”

“என்ன ஆச்சு?”

“இன்னிக்குச் சாம்பார்ல உப்பு இல்லை.”

“ஆமா.”

தம்பிரான் திடுக்கிட்டார். “உங்களுக்குத் தெரியுமா?”

“ரெண்டாவது கவளத்துல தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“நீங்க கேட்கலையே.”

“நல்லா இருந்துச்சான்னு கேட்டேனே சுவாமி!”

“நல்லா இருந்துச்சான்னுதான் கேட்டீங்க. எப்படி இருந்துச்சுன்னு கேட்கலை. பசிச்சுது, சாப்பிட்டேன், திருப்தியா இருந்துச்சு. அதைச் சொன்னேன்.”

தம்பிரானுக்கு முகம் சிவந்தது. பழைய நாளாக இருந்தால், ஏ தம்பி என்று ஆரம்பித்திருப்பார். அடக்கிக்கொண்டார்.

“உங்களை விடுங்க. அறுநூறு பேர் சாப்பிட்டாங்க. அறுநூறு பேரும் வாய் கூசாம பொய் சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

“யாரும் பொய் சொல்லலை.”

“உப்பில்லாததைத் தேவாமிர்தம்னா அதுக்குப் பேரு என்ன?”

தேசிகர் சுவடியை மூடிவைத்தார். “படையல் முடிஞ்சதும் முதல்ல ருசி பார்க்கிறது யாரு?”

“நான்தான்.”

“இன்னிக்குப் பார்த்தீங்களா?”

தம்பிரான் வாயைத் திறந்தார். உள்ளங்கையில் வாங்கியது நினைவிருந்தது. கண்ணை மூடியது நினைவிருந்தது. நாக்கில் உப்பு இருந்ததாகவே நினைவிருந்தது.

“பார்த்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“நல்லா... இருந்துச்சு” என்றார் தம்பிரான். குரல் அவருக்கே கேட்கவில்லை.

கொன்றை மரத்தில் ஒரு காக்கை உட்கார்ந்து, கத்திவிட்டுப் போயிற்று. தம்பிரான் சாவிக்கொத்தைத் தேசிகரின் பக்கத்தில் கல்லின் மேல் வைத்தார்.

“சுவாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த மடத்துப் பேரை எடுத்துட்டுப் பதில் சொல்லுங்க. இந்தக் காவியையும் எடுத்துட்டுச் சொல்லுங்க. இருபத்தேழு வருஷத்துல ஒரு நாளாவது என் சாம்பார் நெசமாவே நல்லா இருந்துச்சா?”

தேசிகர் சாவிக்கொத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்குச் சமைங்க. நாளைக்குச் சொல்றேன்.”

“சாவி?”

“என்கிட்ட இருக்கட்டும்.”

மறுநாள் தம்பிரான் வாயோடு காதையும் கட்டிக்கொண்டவர்போல, அண்டாவின் சத்தத்தைத் தவிர எதையும் கேட்காமல் வேலை செய்தார். மூன்றாவது கொதி முணுமுணுத்தது. உப்பைப் பிடி பிடியாக அள்ளித் தூவினார். காலி மரவையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டார். படையல் முடிந்து ருசி பார்க்கும் நேரம் வந்தபோது, வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். தன் நாக்கின் மேல் அவருக்கு நம்பிக்கை போயிருந்தது.

கூடத்தில் இலை போட்டு முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாதம் வருவதற்கு முன் தேசிகர் வந்தார். கையில் அந்த மரவை. அதில் புதிதாக எடுத்த கல்லுப்பு.

முதல் இலைக்கு முன் குனிந்தார். ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தார். அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

பந்தியில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மடத்துத் தலைவர் பந்தியில் குனிந்து பரிமாறி அவர்கள் பார்த்ததில்லை. அந்த இலைகளில் உப்பையும் இருபது வருஷமாகப் பார்த்ததில்லை.

வாசலில் கரண்டியோடு நின்ற தம்பிரானுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. இன்றைக்குச் சமையல் தப்பாகவும் இருக்கலாம் என்று முந்நூறு பேரிடம் இலை இலையாகச் சொல்வது போலிருந்தது அவருக்கு. புண்ணில் உப்பைக் கொட்டியிருந்தால் கூட இவ்வளவு எரிந்திருக்காது. ஆனாலும் அவர் தடுக்கவில்லை. தப்பாக இருக்காது என்று சொல்ல நேற்றுவரை இருந்த வாய் இன்றைக்கு அவரிடம் இல்லை.

பரிமாறினார்கள். சாப்பிட்டார்கள். எழுந்து போனார்கள்.

“இலையை எடுக்க வேண்டாம்” என்றார் தேசிகர் வேலையாட்களிடம். தம்பிரானைப் பார்த்து, “வாங்க” என்றார்.

இருவரும் இலை வரிசையில் நடந்தார்கள். முதல் இலையில் சாதம் ஒரு பருக்கை மிச்சமில்லை. ஓரத்தில் உப்பு வைத்தபடி இருந்தது. இரண்டாவது இலையிலும் இருந்தது. மூன்றாவதிலும், நான்காவதிலும். தம்பிரான் குனிந்து குனிந்து பார்த்தார். வெள்ளை வெள்ளையாக அந்தச் சிட்டிகைகள் தொட ஆளில்லாமல் கிடந்தன.

துறவிக்குப் பெருமை ஆகாது என்பார்கள். ஆகாவிட்டால் போகட்டும். அந்த வரிசையில் தம்பிரான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நீங்களும் கும்பிட்டு வழிவிட்டிருப்பீர்கள். நேற்று மதியம் தரையில் உட்கார்ந்த மனுஷன் இருபது இலைக்குள் எழுந்து நின்றுவிட்டார்.

வரிசையின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார். அந்த இலையில் உப்பு இருந்த இடம் துடைத்துவிட்டது போலிருந்தது.

“இது யார் இலை?”

“கோதண்டம்” என்றார் தேசிகர்.

தம்பிரான் குழாயடிக்குப் போனார். கோதண்டம் கையைத் துடைத்துக்கொண்டே, கேட்பதற்கு முன்பே சொன்னார்.

“தேவாமிர்தம் சாமி.”

“அது இருக்கட்டும் கோதண்டம். எப்படி இருந்துச்சு?”

கோதண்டத்துக்குப் புரியவில்லை. முன்னும் பின்னும் பார்த்தார். தம்பிரானின் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை என்று தெரிந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா வேணும் சாமி. மொதல்லேருந்தே அப்படித்தான். உங்ககிட்ட எப்படிக் கேக்கறது? ஊறுகாயை வெச்சு ஒப்பேத்திக்குவேன்.”

“இருபது வருஷமாவா?”

“இருபது வருஷமா.” கோதண்டம் மீசையைத் துடைத்துக்கொண்டார். “இன்னிக்குத்தான் சாமி நெசமாத் தேவாமிர்தம்.”

தம்பிரானுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அடக்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கூடத்துக்குத் திரும்பினார். ஆனால் இலைகளை மறுபடியும் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“சுவாமி, இத்தனை இலையில உப்பு அப்படியே இருக்கு. இது என் கைக்காகவா, இல்லை இந்த மடத்துப் பேருக்காகவா?”

“தெரியலை” என்றார் தேசிகர்.

“நேத்து கேட்டதுக்கு இன்னிக்குப் பதில் சொல்றேன்னீங்களே.”

தேசிகர் ஒரு தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். தம்பிரானும் எதிரில் உட்கார்ந்தார்.

“பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால இதே குருபூசை அன்னிக்கு நான் இந்தப் பக்கமா வந்தேன். வேலை கேட்டு ஒரு மில்லுக்குப் போயிட்டு, இல்லைன்னு சொன்னதைக் கேட்டுட்டு, பஸ்ஸையும் விட்டுட்டு நடந்து வந்தேன். சரியான பசி. வாசல்ல வாழை மரம் கட்டியிருந்துச்சு. கல்யாண வீடுன்னு நினைச்சு உள்ள நுழைஞ்சுட்டேன்.”

“கல்யாண வீடா?”

“மடம்னே தெரியாது. அழைக்காத விருந்தாளியாச் சத்தமில்லாம ஒரு இலையில உட்கார்ந்தேன். உப்பு வரலை. சரி, வடை வரும்னு பார்த்தேன். வரலை. பாயசத்துக்காகக் காத்திருந்தேன். அதுவும் வரலை. என்ன கஞ்சத்தனமான கல்யாணம்டா இதுன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே சாதத்துல கையை வெச்சேன்.”

தம்பிரான் மூச்சுவிடாமல் கேட்டார். “அப்புறம்?”

“மூணு தரம் சாம்பார் வாங்கினேன்.”

தம்பிரான் விரலை மடக்கி மூன்று எண்ணினார்.

“சாப்பிட்டு எழுந்து பொண்ணு மாப்பிள்ளையைத் தேடலை. சமைச்சவர் யாருன்னு தேடினேன். குழாயடியில, அவிழ்த்த காவித் துணி கழுத்துல தொங்க ஒருத்தர் நின்னார். பாத்திரம் தேய்க்க ஆள் வேணுமான்னு கேட்டேன். தலையை ஆட்டினார். இருந்துட்டேன்.”

தம்பிரானின் கண்ணில் நீர் திரண்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

“சிவஞானம் தேடி வந்தீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கேனே சுவாமி.”

“அதுவும் கிடைச்சுது” என்றார் தேசிகர். “சாம்பாருக்கு அப்புறம்.”

தேசிகர் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். தம்பிரான் இரண்டு கையாலும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். எழுந்து நின்றபோது அவர் முதுகு நேராக இருந்தது. வாசலை நோக்கி நாலடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

“நாளைக்கும் இலையில உப்பு வெக்கணுமா சுவாமி?”

“வெக்கணும்.”

“தினமுமா?”

“தினமும்.”

“நீங்க தினமும் வந்து குனிஞ்சுக்கிட்டிருக்க முடியுமா? யார் வெக்கிறது?”

தேசிகர் மரவையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“சமைச்சவர்.”